பிள்ளைகள் பயமின்றி வரும் கோயில்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றதும் நாம் பலவற்றைக் கணக்கெடுக்கிறோம். கோபுரம் எப்போது எழும்பியது, மணி எப்போது வந்தது, தேர் எப்போது செய்யப்பட்டது, இதுவரை எத்தனை பங்குத்தந்தையர் பணியாற்றினர், எத்தனை குருக்களையும் கன்னியரையும் இம்மண் இறைவனுக்கு அளித்தது என்றெல்லாம் எழுதி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் யூபிலி ஆண்டைப் பற்றி வாசிக்கும்போது அங்கே கட்டடக் கணக்கு ஏதும் இல்லை. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். நிலத்தை இழந்தவனுக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும். வாய் திறக்க இயலாமல் சுமை சுமந்தவர்களின் சுமையை இறக்கி வைக்கும் ஆண்டே யூபிலி ஆண்டு.

நம்மிடையே வாய் திறக்க இயலாமல் சுமை சுமக்கக் கூடியவர்கள் யார்? நம் பிள்ளைகள். ஆகவேதான் 'நம் பங்கில் பிள்ளைகளின் பாதுகாப்பு' என்ற தலைப்பில் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைக் கேட்டபோது, பொன்விழாவிற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். கேட்பதற்குச் சற்றுக் கசப்பான பொருள்தான். மருந்தும் கசப்புத்தானே!

நடுவில் நின்ற குழந்தை

'விண்ணரசில் மிகப் பெரியவர் யார்?' என்ற கேள்வியோடு சீடர்கள் ஆண்டவரிடம் வந்ததை மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆண்டவர் உடனே பதில் சொல்லிவிடவில்லை. ஒரு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார். ஓரத்திலோ பின்வரிசையிலோ நிறுத்தவில்லை, நடுவில் நிறுத்தினார். அதன்பின் தான், சிறியோருள் ஒருவரை இடறச் செய்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னார். பாவிகளோடு பந்தியமர்ந்த அந்த இரக்கமுள்ள வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான சொற்களுள் இவை சேரும். தொடர்ந்து அதே அதிகாரத்தில், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனின் உவமையைச் சொல்கிறார். ஒரு பிள்ளைதானே என்று விட்டுவிட முடியாது என்பதே இதன் பொருள்.

எங்கேனும் ஒரு பங்கில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் யாரை நடுவில் நிறுத்துகிறோம்? பெரும்பாலும் பிள்ளையை அல்ல. கோயிலின் பெயரைத்தான் நிறுத்துகிறோம். 'வெளியே தெரிந்தால் கோயில் மானம் போய்விடும்', 'திருவிழா நேரத்தில் ஏன் இந்தப் பேச்சு', 'மற்ற மதத்தார் என்ன நினைப்பார்கள்' என்கிறோம். இவற்றைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், கோயில்மீது பற்றுள்ளவர்களே. ஆனாலும் அந்தச் சொற்கள்தாம் பிள்ளையின் வாயைக் கட்டுகின்றன. தீங்கு செய்தவனுக்கோ அவை கதவைத் திறந்து கொடுக்கின்றன. நம் கோயிலின் மானம் அதன் சுண்ணாம்பிலும் கோபுரத்திலும் இல்லை. அதன் வளாகத்தில் ஓடியாடும் பிள்ளையிடத்தில் இருக்கிறது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கமே.

'கூட்டத்தில் இருப்பான்' என்ற எண்ணம்

திருக்குடும்பத்தின் வாழ்விலிருந்தே ஒரு பாடம் கற்கலாம். பாஸ்கா விழாவிற்குப் பெற்றோருடன் எருசலேம் சென்றபோது இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. விழா முடிந்து ஊர் திரும்பும்போது மரியன்னையும் சூசையப்பரும், பிள்ளை பயணக் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். உறவினர்களிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள், காணவில்லை. மூன்று நாளுக்குப் பின்னரே ஆலயத்தில் கண்டார்கள். அந்தக் கூட்டத்தில் தீயவர் எவரும் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. எல்லாரும் உற்றார் உறவினர், நல்லவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எண்ணினால் ஒரு பகல் முழுதும் பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

நம் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். கொடியேற்றம் தொடங்கித் தேர்ப்பவனி வரை கூட்டம் அலைமோதுகிறது. நள்ளிரவு வரை ஒலிபெருக்கி. பந்தல்காரர், மின்விளக்குக்காரர், கடைக்காரர் எனப் புதுமுகங்கள் பல. பிள்ளைகள் கூட்டத்தில் எங்கோ இருக்கிறார்கள். 'நம் கோயில்தானே, எங்கே போய்விடும்' என்று நாம் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் பாடல் குழு இரவில் வீடு வீடாகச் செல்லும்போதும், ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்படும்போதும், மே மாத விடுமுறையில் விவிலிய வகுப்பு நடக்கும்போதும், நாடக ஒத்திகை நேரத்திலும் இதே எண்ணம்தான்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆலயத்தில் எப்படிக் காணப்பட்டார் என்பதையும் கவனியுங்கள். போதகர்கள் நடுவே, எல்லாரும் காண அமர்ந்திருந்தார். அவர்கள் பேசுவதைக் கேட்டார், கேள்விகளும் கேட்டார். பெரியவர்கள் பலர் இருந்தார்கள். பேசப் பிள்ளைக்கும் இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஏற்ற கோயில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா?

தீங்கு எங்கிருந்து வருகிறது?

'நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை' என்று சிலர் சொல்லக்கூடும். இந்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்து 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக அவர்களில் 53 விழுக்காட்டினர் கூறினார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், அல்லது பிள்ளையைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளுக்கும் இக்கொடுமை நேர்ந்திருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

ஆகவே தீயவன் என்பவன் இருட்டில் மறைந்து நிற்கும் அந்நியன் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அவன் மாமனாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம், டியூஷன் வாத்தியாராக இருக்கலாம். கோயிலில் பொறுப்பில் இருப்பவனாகவும் இருக்கலாம். அங்கி அணிந்தவனாகவும் இருக்கலாம். இதைச் சொல்லும்போது நாக்குக் கூசுகிறது. ஆனால் திருச்சபை தானே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகு நாம் மூடி மறைப்பதில் பொருளில்லை.

2002-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மறைமாவட்டத்தில் நடந்தவை வெளியே வந்தன. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த குருக்களைத் தண்டிக்காமல் ஒரு பங்கிலிருந்து வேறொரு பங்கிற்கு மாற்றியது தெரிந்து உலகமே அதிர்ந்தது. அயர்லாந்து நாட்டில் நடந்தவற்றிற்காகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 மார்ச்சில் அந்நாட்டுக் கத்தோலிக்கருக்குத் தனி மடல் எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2014-ல் சிறாரின் பாதுகாப்பிற்கென ஒரு திருப்பீட ஆணையத்தை ஏற்படுத்தினார். 2018 ஆகஸ்டு 20-ஆம் நாள் இறைமக்கள் அனைவருக்கும் மடல் எழுதினார். 2019 பிப்ரவரியில் உலகெங்குமுள்ள ஆயர் பேரவைத் தலைவர்களை உரோமைக்கு அழைத்து நான்கு நாட்கள் இது பற்றியே பேசினார். அதே ஆண்டு மே மாதத்தில், 'நீங்கள் உலகின் ஒளி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சட்டமும் இயற்றினார். அது 2023-ல் நிலையான சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்படி, மக்கள் எளிதில் அணுகி முறையிடுவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாயைக் கட்டவும் கூடாது. நாட்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அப்படியே நிற்கும். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் தண்டனைப் பகுதியும் திருத்தப்பட்டு 2021 டிசம்பர் 8-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு இக்குற்றத்தைக் குருத்துவக் கடமைகளுக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். இப்போது மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றிற்கு எதிரான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். திருச்சபையில் பொறுப்பு வகிக்கும் பொதுநிலையினருக்கும் அது பொருந்தும். குற்றம் ஒரு குருவின் கற்பு வாக்கை மட்டும் முறிப்பதன்று, ஒரு பிள்ளையின் மாண்பை முறிப்பது என்று தாய்த் திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. திருச்சபை பிள்ளையை மீண்டும் நடுவில் நிறுத்தியிருக்கிறது.

மரிய கொரற்றியின் கதையை யாருக்குச் சொல்வது?

புனித மரிய கொரற்றியின் வரலாறு நம் மறைக்கல்வி வகுப்புகளில் பலமுறை சொல்லப்பட்டதுதான். இத்தாலியில் நெத்தூனோ நகருக்கு அருகே வாழ்ந்த ஏழைக் குடியானவர் வீட்டுச் சிறுமி, தந்தையை இழந்தவள், தாய் வயலுக்குச் சென்றுவிடுவாள். அதே வீட்டின் மற்றொரு பகுதியில் குடியிருந்த இருபது வயது இளைஞன் அவளைக் கெடுக்க முயன்று, அவள் இணங்காததால் கத்தியால் குத்தினான். 1902 ஜூலை 6-ஆம் நாள் அவள் உயிர் நீத்தாள். வயது பதினொன்று. 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதையாக உயர்த்தியபோது அவளுடைய தாயும் அங்கே இருந்தாள்.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் நாம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 'இவளைப் போல் கற்பைக் காத்துக்கொள்' என்கிறோம். ஆனால் அவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அவன் அதற்கு முன்பும் அவளைத் தொல்லைப்படுத்தியிருந்தான். வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டியுமிருந்தான். அச்சத்தால் அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே கூரையின்கீழ் இரு குடும்பங்கள் இருந்தும் அந்தப் பயத்தை அவள் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. எனவே இக்கதையை முதலில் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். பிள்ளையைக் காக்கும் கடமை பிள்ளையின் தலையில் இல்லை; நம் தலையில் இருக்கிறது. தப்பிப் பிழைத்து வந்த எந்தப் பிள்ளையும், தடுக்க முடியாமற் போன எந்தப் பிள்ளையும், பரிசுத்தத்தில் கடுகளவும் குறைந்ததன்று. இதை நம் பிரசங்க மேடைகளிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும்.

'பெரியவர்கள் சொன்னால் கேள்' என்று நான்காம் கட்டளையைச் சொல்லிக் கொடுக்கிறோம். நல்லதே. அதோடு சேர்த்து, 'தொடக்கூடாத இடத்தில் யார் தொட்டாலும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், வேண்டாம் என்று சொல்வது பாவமில்லை. ஓடிவந்து சொல்வது கோள் சொல்வதில்லை' என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நாட்டுச் சட்டம் சொல்வது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் போக்சோ என்று சொல்லும் சட்டம், 2012 நவம்பர் 14-ஆம் நாள், குழந்தைகள் தினத்தன்று, நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருபாலாருக்கும் அது பொருந்தும். குற்றம் நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நிரூபித்துக் காட்டுவது நம் வேலை இல்லை. தெரிவிப்பதே நம் கடமை. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது.

காவல்நிலையம் என்றாலே நம் மக்களுக்குப் பயம். ஆனால் இச்சட்டம் அந்தப் பயத்தை எண்ணியே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் பிள்ளையை இரவில் காவல்நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ, முகவரியையோ, படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டப்பட்டவனைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். இரவும் பகலும் 1098 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பிள்ளையே பேசலாம்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது? முதலில் அமைதியாகக் கேளுங்கள். நம்புங்கள். 'நீ ஏன் அங்கே போனாய்' என்று கேட்காதீர்கள். 'உன்மேல் தவறில்லை' என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைக் காக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காமல், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே கட்டணமின்றி முதல் சிகிச்சை தரக் கடமைப்பட்டவை. உடனே காவல்துறைக்கும், கோயில் தொடர்பானதாயின் ஆயரகத்திற்கும் தெரிவியுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்தால் மற்றொன்று தேவையில்லை என்று எண்ண வேண்டாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து ஊர்ப் பஞ்சாயத்துப் பேசக் கூடாது. பணம் கொடுத்துச் சமாதானம் செய்யக் கூடாது. 'அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்' என்ற கொடிய யோசனையை எவரும் வாயெடுத்துச் சொல்லக் கூடாது. இது இரு குடும்பங்களுக்கு இடையிலான சண்டை அல்ல. நாட்டுச் சட்டப்படி குற்றம்.

ஒப்புரவு அருட்சாதனம் பற்றியும் ஒரு சொல். பாவசங்கீர்த்தன இரகசியம் எக்காலத்தும் மீறப்படாதது என்பதை நாம் அறிவோம். ஆனால் தீங்குக்கு ஆளான பிள்ளை பல வேளைகளில் தானே பாவம் செய்துவிட்டதாக எண்ணி அங்கே வந்து சொல்லும். அப்போது அதற்குத் தேவை அபராத ஜெபம் அல்ல, ஆறுதல். 'மகளே, மகனே, இது உன் பாவம் அல்ல, வெளியே வந்து உன் தாயிடமோ ஆசிரியையிடமோ சொல், வேண்டுமானால் என்னிடமே வெளியில் வந்து மறுபடி சொல்' என்று பரிவோடு வழிகாட்டினால் இரகசியமும் காக்கப்படும், பிள்ளையும் காக்கப்படும்.

மன்னிப்பும் நீதியும்

'நாம் கிறிஸ்தவர்கள், மன்னித்துவிட வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. 1981 மே 13-ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அந்நாளில் நாம் அருள் சின்னப்பர் என்றழைத்த அந்தப் புனிதர், சுடப்பட்டார். சுட்டவனை அவர் மன்னித்தார். 1983 டிசம்பரில் அவனைச் சந்திக்கவும் சென்றார். எங்கே சென்றார்? சிறைச்சாலைக்குச் சென்றார். மன்னிப்பு சிறைக்குள் சென்றது. ஆனால் சிறைக்கதவை அன்றே திறந்துவிடவில்லை. அவன் அதன்பின்னும் 2000-ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில் இருந்தான். மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவர் மனம் ஆறியபின், அவராக விரும்பித் தருவது. சுற்றி நிற்கும் நாம் அவரை நெருக்கி வாங்குவதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல.

அதேபோல், யார்மீதும் வதந்தியால் பழி சுமத்துவதும் நீதி அல்ல. டீக்கடையில் பேசுவதும் வாட்ஸ்அப்பில் பரப்புவதும் பிள்ளைக்கும் தீங்கு, குற்றமற்றவருக்கும் தீங்கு. முறையான இடத்தில் முறையிட வேண்டும். விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைகள் தொடர்பான பணியிலிருந்து விலகி நிற்க வேண்டும். விலகி நிற்பது தண்டனை அல்ல. உண்மை வெளிவரும்வரை காத்திருக்கும் ஒழுங்கு.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

புனித தொன் போஸ்கோ 1877-ல் தம் கல்விமுறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்காதபடி முன்கூட்டியே காப்பதே சிறந்தது என்பது அவர் முறை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரியவர்களும் அன்போடு உடன் இருக்க வேண்டும் என்றார். அவருடைய சபையார் 1906-ல் தஞ்சைக்கு வந்து இந்நாட்டில் பணி தொடங்கினார்கள். தமிழ் மண்ணிற்கு இது புதிய பாடம் அல்ல.

அந்த வழியில், நம் பங்குப் பேரவையின் முன் சில கருத்துகளைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, கோயிலில் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியே இருக்க வேண்டாம். திருப்பண்ட அறை, மறைக்கல்வி அறை, பாடற்குழு அறை, பங்கு இல்லத்து அலுவலக அறை ஆகியவற்றின் கதவுகள் திறந்திருக்கட்டும், அல்லது கண்ணாடி பதித்திருக்கட்டும். பிள்ளைகளின் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பெரியவர்களாவது இருக்கட்டும். பெண்பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

இரண்டாவது, பீடச்சிறுவர், பாடற்குழு, மறைக்கல்வி எல்லாவற்றிற்கும் வருகைப் பதிவேடு வேண்டும். வெளியூர்ப் பயணத்திற்கும் பாதயாத்திரைக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். இரவு ஒத்திகை முடிந்தால் பிள்ளையை யார் அழைத்துச் செல்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கழிப்பறைகள். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ளவையாக இருக்க வேண்டும். கோபுரத்திற்கு வண்ணவிளக்குப் போடுவதற்கு முன் கழிப்பறைக்குப் போகும் வழிக்கு ஒரு விளக்குப் போடுங்கள்.

நான்காவது, பிள்ளைகளோடு பணிபுரிய முன்வருபவர் யாராயினும், நெடுநாள் அறிந்தவராயினும், அவரைப் பற்றி விசாரித்தறிந்த பின்னரே பணி கொடுக்க வேண்டும். வேறு பங்கிலிருந்து வந்தவரானால் அங்கே கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கொருமுறை அனைவருக்கும் பயிற்சி தர வேண்டும்.

ஐந்தாவது, செல்பேசி. பெரியவர் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்ப வேண்டாம். பெற்றோரும் உள்ள குழுவில் அனுப்பட்டும். பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகளின் படங்களை எங்கும் வெளியிட வேண்டாம்.

ஆறாவது, பாதுகாப்புக் குழு ஒன்று வேண்டும். அதில் பெண்கள் சரிபாதி இருக்கட்டும். வழக்கறிஞரோ மருத்துவரோ ஒருவர் இருக்கட்டும். அவர்களின் தொலைபேசி எண்களோடு 1098-ஐயும் பிள்ளைகள் வாசிக்கும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆண்டுதோறும் பங்குப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கும்போது இக்குழுவின் அறிக்கையும் வாசிக்கப்படட்டும்.

'இத்தனை விதி போட்டால் சேவை செய்ய யார் வருவார்கள்?' என்ற கேள்வி எழலாம். 'சுவாமிமேலேயே சந்தேகமா?' என்றும் சிலர் வருந்தலாம். இது சந்தேகம் அல்ல, அன்பர்களே. காணிக்கைப் பணத்தை ஒருவர் தனியே எண்ணுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுகிறோம். அதனால் யாரையும் திருடன் என்று சொன்னதாக ஆகிவிடுகிறதா? எண்ணுபவரின் நற்பெயரையும் அதுவே காக்கிறது. உண்டியல் காசுக்கு இத்தனை கவனம் காட்டும் நாம், ஆண்டவர் நடுவில் நிறுத்திய பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகக் காட்டலாமா? திறந்த கதவு பிள்ளையைக் காக்கும்; நல்ல குருவையும் நல்ல ஆசிரியரையும் வீண்பழியிலிருந்து காக்கும். அதை வெறுக்கக் காரணம் உள்ளவன் ஒருவனே: மூடிய கதவை விரும்புபவன்.

என் அருமைத் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இந்தக் கோயில் உங்கள் கோயில். இங்கே உங்களுக்குப் பயமாக இருந்தால், யாராவது உங்களை வருத்தினால், சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்லுங்கள். உங்கள்மேல் தவறில்லை. நீங்கள் சொல்வதால் கோயிலின் மானம் போகாது. நீங்கள் சொல்ல முடியாமற் போனால்தான் போகும்.

பெரியோர்களே, தாய்மார்களே! இன்று மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள்தாம் இப்பங்கின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடப் போகிறவர்கள். அன்று அவர்கள் மலரில் என்ன எழுதுவார்கள்? 'எங்கள் பெரியவர்கள் உயரமான கோபுரம் கட்டினார்கள்' என்று எழுதினால் மகிழ்ச்சிதான். 'எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நாங்கள் பயமின்றி வளர்ந்தோம்' என்று எழுதினால், அதுவே இப்பொன்விழாவின் பலன்.

 காணாமற்போன பிள்ளையை மூன்று நாள் தேடிய மரியன்னையும் சூசையப்பரும் நம் பிள்ளைகளைக் காக்கும் விழிப்பை நமக்குப் பெற்றுத் தருவார்களாக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!